மதில் மேல் பூனை: உள்ளேயா... வெளியேயா?

பட்டினப்பாக்கத்தில் பூனை வளர்ப்பது, ஸ்வீட் ஸ்டாலுக்குப் பக்கத்தில் எறும்பு வளர்ப்பது மாதிரி. நாம் மெனக்கெடவே வேண்டாம். அது பாட்டுக்கு வளரும். ஒரு பக்கம் லூப் ரோடு மீன் வியாபாரம், இன்னொரு பக்கம் சீனிவாசபுரத்தில் காயும் கருவாடு, நடுவில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல். பூனைகளுக்கென்று தனியாக ஒரு சொர்க்கம் இருந்தால், அதன் பஸ் டெர்மினஸ் பட்டினப்பாக்கமாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு பூனையை இரண்டாவது மாடி வீட்டில் கதவைச் சாத்தி வளர்க்கிறேன் என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தானே செய்வார்கள்? பேசுகிறார்கள்.

பூனையின் பெயர் மானேஜர். பெயர்க் காரணம் ஆபீஸ் போகிறவர்களுக்குச் சொல்லாமலே புரியும். பகல் பூராவும் தூக்கம். கண் விழித்தால் கத்தல். நாம் ஏதாவது முக்கியமான பேப்பரைப் பிரித்தால் நேரே வந்து அதன் மேலேயே உட்காருவது! செம்பழுப்பும் வெள்ளையும் கலந்த கடுவன் பூனை. குட்டியாக எங்கள் மாடிப்படியில் கிடைத்தார். இப்போது வயது இரண்டு.

"இதுல என்ன சார் பிரச்னை?" என்கிறீர்களா? பிரச்னை விடியற்காலை நாலரை மணிக்கு ஆரம்பிக்கும். வாசல் கதவைப் பிறாண்டிக்கொண்டே, சுருதி சேராத வயலின் மாதிரி ஒரு ராகம். கதவைத் திறந்துவிட்டால் நமக்குத் தூக்கம் உண்டு. திறக்காவிட்டால் மாடி முழுக்க யாருக்கும் தூக்கம் இல்லை. பூனை வளர்க்கிற எல்லோரும் என்றைக்காவது இந்தக் கதவுக்கு முன்னால் நின்றிருப்பார்கள். இதில் உலகம் முழுக்க இரண்டே கட்சிதான். வெளியே விடு என்பது ஒன்று. உள்ளேயே வை என்பது இன்னொன்று. இங்கிலாந்தில் பெரும்பாலானவர்கள் முதல் கட்சி. அமெரிக்காவில் பெரும்பாலானவர்கள் இரண்டாவது கட்சி. பழைய தமிழில் பூனைக்குப் 'பூசை' என்று ஒரு பெயர் உண்டு. எனவே இது உட்கட்சிப் பூசல் அல்ல, உட்கட்சிப் பூசை!

என் வீட்டில் இந்தப் பூசை போன மாதம் முற்றிவிட்டது. என் மனைவிக்கு இது மூன்றாவது மாதம். மகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த மாமியார், சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்த மானேஜரைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மாப்பிள்ளை, தப்பா நினைச்சுக்காதீங்க. மாசமா இருக்கிற பொண்ணு இருக்கிற வீட்ல பூனை ஆகாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள பீச்சுல கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுங்க. மீனுக்குத்தான் பஞ்சமில்லையே, பொழைச்சுக்கும்."

"அத்தை, அது வந்து..."

"சரி, விட மனசு வரலைன்னா ராத்திரி மட்டும் சோறு வைங்க. பகல்ல வெளியில சுத்தட்டும்."

எனக்குக் கிடைத்த அவகாசம் ஐந்து நாள். ஆபீஸில் ஆடிட்டுக்குக்கூட இத்தனை கெடுபிடி கிடையாது. விசாரணையில் இறங்கினேன்.

வெளியே விடு!

முதலில் கேட்டது, எனக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கிற ஆயாவை. லூப் ரோட்டில் 2024 ஆகஸ்டில் நவீன மீன் அங்காடி திறந்தார்கள் அல்லவா, அந்தப் பக்கம்தான் வியாபாரம். விஷயத்தைச் சொன்னதும் ஒரு சிரிப்பு.

"இன்னா தம்பி, பூனைய ரூமுக்குள்ள போட்டுப் பூட்டி வெச்சிருக்கியா? அது இன்னா தப்பு பண்ணிச்சு? எங்க வூட்டாண்ட நாலு கீது. வலைய எலி கடிச்சா யாரு துட்டு குடுப்பா? பூனை இருந்தா எலி வராது. அதுக்குச் சம்பளம் ரெண்டு காரப்பொடி!"

ஆயா சொல்வதில் பத்தாயிரம் வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. மேற்காசியாவில் மனிதன் தானியத்தைச் சேர்த்து வைக்க ஆரம்பித்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. நாயை மனிதன் பழக்கினான். பூனை தானாகவே வந்து வேலைக்குச் சேர்ந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதச் சமாதியின் பக்கத்தில் பூனையின் எலும்புக்கூடும் கிடைத்திருக்கிறது. குறுந்தொகையிலும் வேலியோரம் வரும் காட்டுப் பூனையைக் கண்டு வீட்டுக் கோழி பதறுகிற காட்சி ஒன்று வரும். அதாவது நமக்குத் தெரிந்த காலம் முழுக்கப் பூனை வாசலுக்கு வெளியே உத்தியோகம் பார்த்த பிராணிதான்.

அப்புறம் எப்படி உள்ளே வந்தது? ஒரு மண் மூட்டையால்! 1947-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் எட்வர்ட் லோ என்ற இளைஞர், எண்ணெய் உறிஞ்சுகிற களிமண் துகளைப் பூனையின் கழிப்பறைக்கு என்று விற்க ஆரம்பித்தார். 'லிட்டர்' வந்தது. அதுவரை சாம்பல், மணல் என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தவர்கள் அதன் பிறகுதான் நாற்றம் இல்லாமல் பூனையைச் சதா நேரமும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடிந்தது. ஆக, 'வீட்டோடு பூனை' என்பது ஒரு மனிதனின் ஆயுசுக்குள் வந்த பழக்கம்.

வெளிக்கட்சிக்கு ஒரு பெரிய தலைவரும் உண்டு. அட்லாய் ஸ்டீவன்சன். 1952, 1956 இரண்டு தேர்தல்களிலும் ஐசனோவரை எதிர்த்து அமெரிக்க ஜனாதிபதி பதவிக்கு நின்று தோற்றவர். அவர் இல்லினாய் மாகாண கவர்னராக இருந்தபோது, 1949-ல், பறவைகளைக் காப்பாற்றுவதற்காகப் பூனைகள் ஊர் சுற்றக்கூடாது என்று ஒரு மசோதாவைச் சட்டசபை நிறைவேற்றி அனுப்பியது. மனிதர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். துணைக்கு ஆளில்லாமல் கொஞ்சம் சுற்றி வருவது பூனையின் சுபாவம். இன்று பூனைக்கும் பறவைக்கும் பஞ்சாயத்து பண்ணினால் நாளைக்கு நாய்க்கும் பூனைக்கும், ஏன், பறவைக்கும் புழுவுக்கும்கூடப் பஞ்சாயத்து பண்ணச் சொல்வீர்கள் என்கிற அர்த்தத்தில் திருப்பி அனுப்பினார். பூனைக்கு ஓட்டு இருந்திருந்தால் ஐசனோவர் தேறியிருக்க மாட்டார்!

உள்ளே வை!

ஆனால் ஸ்டீவன்சன் லூப் ரோட்டைப் பார்த்ததில்லை.

பூனை சுறுசுறுப்பாக வேட்டைக்குக் கிளம்புவது விடியலிலும் அந்தியிலும். பட்டினப்பாக்கத்தில் அந்த இரண்டு நேரமும் எப்படி இருக்கும்? விடியலில் ஃபைபர் போட் கரையேறும். மீன் வாங்க ஆட்டோவும் பைக்கும் பறக்கும். அந்தியில் சாந்தோம் நெடுஞ்சாலையில் ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு விரைகிற நம்மைப் போன்றவர்களின் வண்டிகள். மாடியில் பிறந்து, மாடியில் வளர்ந்த பூனைக்கு ஹெட்லைட் என்றால் என்னவென்று யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

ரோடு மட்டுமில்லை. தெருநாய்க் கூட்டம் உண்டு. அடுத்த தெருக் கடுவனோடு சண்டை போட்டுக் கடி வாங்கினால் உள்ளே சீழ் வைக்கும். எலி மருந்து தின்ற எலியைத் தின்றால் மருந்து பூனைக்கும் பாயும். 'பான்லூகோபீனியா' என்ற வைரஸ் நோய் தடுப்பூசி போடாத குட்டிகளை இரண்டு மூன்று நாளில் கொண்டுபோய்விடும். கறிக்காகப் பூனை பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 2016-ல் பல்லாவரம் பக்கம் கூண்டுகளில் அடைத்து வைத்திருந்த பூனைகளைப் பிராணிநல அமைப்பினர் மீட்ட செய்தி பலருக்கு ஞாபகம் இருக்கும்.

சுற்றப் போன பூனை எங்கே போய்ச் சேரும் என்றும் சொல்ல முடியாது. 2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கன்டெய்னரைத் திறந்தால், பொம்மைகளுக்கு நடுவே உயிரோடு ஒரு பூனை! கொரோனா பயம் தலைதூக்கிய நேரம். பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததைச் சீனாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். கூடாது என்று குறுக்கே நின்றது 'பெட்டா' அமைப்பு. எந்தத் தெருவில் எந்தக் கதவு திறந்திருந்ததோ, பாவம்.

"பூனைக்கு ஒண்ணும் ஆகாது, எங்கேருந்து விழுந்தாலும் நாலு கால்ல நிக்கும்" என்பான் என் ஆபீஸ் நண்பன். அதற்கு ஒரு புள்ளிவிவரமும் வைத்திருக்கிறான். நியூயார்க்கில் மாடிகளிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-ல் டாக்டர்கள் எழுதிய கட்டுரை அது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவிகிதம் பிழைத்துக்கொண்டன. உண்மைதான். ஆனால், விழுந்த இடத்திலேயே செத்துப்போன பூனையை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார்கள், இல்லையா? பிழைத்தவற்றிலும் தாடை பிளந்தது, நெஞ்சில் அடிபட்டது, கால் உடைந்தது என்று லிஸ்ட் நீளும். நாலு காலில் நிற்பது வேறு, நாலு காலும் நிற்பது வேறு.

இன்னொரு பாதிக்கப்பட்ட கட்சியும் இருக்கிறது. எங்கள் கட்டடத்தில் தரைத் தளத்தில் குடியிருக்கும் ரிட்டயர்டு பெரியவர். தொட்டியில் கொத்தமல்லி போடுகிறார். முளைப்பதற்குள் ஊர்ப் பூனைகள் அதைக் கழிப்பறை ஆக்கிவிடுகின்றன. "தம்பி, உங்க பூனை உள்ளயே இருக்கிறதால உங்ககிட்ட தைரியமா சொல்றேன். பூனைக்கு சுதந்திரம் கொடுக்கிறவர் ஒருத்தர். அதைக் கழுவி விடுறவன் இன்னொருத்தனா?" என்றார். வாதத்தில் ஓட்டையே இல்லை.

லைட் ஹவுஸ் பூனை

பட்டினப்பாக்கத்திலிருந்து தெற்கே நாலு எட்டு வைத்தால் அடையாற்றின் முகத்துவாரம், உடைந்த பாலம். பனிக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிற உள்ளான்கள் சேற்றில் ஓடி ஓடிப் பொறுக்கும். பக்கத்திலேயே 2011-ல் திறந்த தொல்காப்பியப் பூங்கா, முதல் கட்டமாகவே 58 ஏக்கர். கொக்கும் மீன்கொத்தியும் குடியிருக்கிற இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் பூனையை அவிழ்த்துவிட்டால் அது சும்மா காற்று வாங்கிவிட்டு வராது. வயிறு நிறைந்திருந்தாலும் அசைகிறதைப் பாய்ந்து பிடிக்கிற புத்தி அதன் ரத்தத்தில் இருக்கிறது.

நியூஸிலாந்தில் ஸ்டீஃபன்ஸ் என்று ஒரு குட்டித் தீவு. 1894-ல் அங்கே லைட் ஹவுஸ் கட்டிக் குடியேறினார்கள். கூடவே பூனையும் வந்தது. அந்தத் தீவில் பறக்கவே தெரியாத ஒரு சின்னக் குருவி இருந்தது. லைட் ஹவுஸ் ஊழியர் லையால் பெயராலேயே அதை விஞ்ஞானிகள் குறித்துக்கொண்டார்கள். பெயர் வைத்த கொஞ்ச நாளிலேயே குருவி இனம் பூண்டோடு அழிந்தது. ஒரே ஒரு பூனை ஓர் இனத்தையே அழித்தது என்று ரொம்ப காலம் கதை சொன்னார்கள். பிற்பாடு ஆராய்ந்தவர்கள், ஒரு பூனையின் வேலை இல்லை, அங்கே பெருகிய பல பூனைகளின் வேலை என்றார்கள். எனக்கு இரண்டாவது கதைதான் அதிகம் பயமாக இருக்கிறது. கருத்தடை செய்யாத ஒரு பூனையை வெளியே விடுவது என்றால் ஒன்றை விடுவது அல்லவே! பெண் பூனை ஆறு மாதத்துக்குள்ளேயே பருவத்துக்கு வந்துவிடலாம். கர்ப்பம் ஒன்பது வாரம். வருஷத்துக்கு இரண்டு, மூன்று ஈற்று.

அமெரிக்காவில் பூனைகள் வருஷத்துக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகள் வரை கொல்கின்றன என்று 2013-ல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் பெரும் பங்கு, வீடில்லாத பூனைகளுடையது. ஜெர்மனியின் வால்டார்ஃப் நகரத்தில் 2022-ல், கொண்டை வானம்பாடி குஞ்சு பொரிக்கிற மாதங்களில் பூனைகளை வெளியே விடக் கூடாது என்று உத்தரவே போட்டார்கள். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 2022 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்த பூனைகளுக்கு ஆயுள் முழுக்க வீட்டுக் காவல். வெளியே வந்தால் கயிற்றோடுதான் வரவேண்டும்.

அத்தையின் கேள்வி

சரி, பறவை, ரோடு எல்லாம் இருக்கட்டும். அத்தைக்கு அதுவா கவலை? அவர் கவலை மகளின் வயிற்றில் இருக்கிற குழந்தை. அது சிரித்து ஒதுக்குகிற விஷயம் அல்ல. 'டாக்ஸோபிளாஸ்மா' என்ற ஒட்டுண்ணி நிஜமாகவே இருக்கிறது. கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்றினால் கருவின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். கரு கலையவும் கூடும். அது பூனையின் மலத்தில் வெளியேறுகிறது. அத்தையின் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. பழி மட்டும் பூனையின் முடி மேல் விழுந்துவிட்டது.

இனிமேல்தான் விஷயமே. பூனைக்கு அந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது? எலி, பறவை என்று வேட்டையாடித் தின்பதிலிருந்தும், பச்சை இறைச்சியிலிருந்தும். வீட்டை விட்டு இறங்காமல், வேக வைத்ததையே தின்கிற பூனைக்கு அது வருகிற வாய்ப்பு மிகக் குறைவு. வந்தாலும், முதல் தடவை தொற்றியபோது ஒன்றிரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று வாரம்தான் மலத்தில் கிருமி போகும். அந்தக் கிருமியும் வெளியே வந்த உடனே தொற்றாது. வீரியம் அடைய ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். அதனால் தினமும் மண் தட்டைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் கதை முடிந்தது. அதைக் கர்ப்பிணி செய்யக் கூடாது. புருஷன் செய்ய வேண்டும்! மனிதர்களுக்கு இது அதிகம் வருவது அரைவேக்காட்டு இறைச்சி, கழுவாத காய்கறி, தோட்டத்து மண் வழியாக.

அப்படியென்றால் அத்தை சொன்ன இரண்டாவது யோசனை — பகலில் வெளியே, ராத்திரி வீட்டில் — இருக்கிற வழிகளிலேயே ஆபத்தானது. வெளியே போய் எலியைத் தின்றுவிட்டு, ராத்திரி வந்து நம் கட்டிலில் ஏறும். தெருவின் ஆபத்து பூனைக்கு, பூனையின் ஆபத்து நமக்கு. இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் லாபம் இல்லை. மதில் மேல் பூனை என்று சும்மாவா சொன்னார்கள்!

முதல் யோசனை, பீச்சில் கொண்டுபோய் விடுவது, சட்டப்படியே குற்றம். பசியாலோ தாகத்தாலோ கஷ்டப்படும் என்று தெரிந்தும் பிராணியைக் கைவிடுவது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-வது பிரிவில் வருகிறது. சட்டத்தை விடுங்கள். கடற்கரைப் பூனைகளுக்கு ஒவ்வொரு படகுக்கும் ஒரு எல்லை உண்டு. மாடியில் வளர்ந்த பூனை அங்கே போனால், முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தவனை மூணு சீனியர்கள் சேர்ந்து விரட்டுகிற கதைதான்.

அதே நியாயம் மறுபக்கமும் பொருந்தும். ஆயா வீட்டு நாலு பூனைகளையும் பிடித்து ஃபிளாட்டில் அடைத்தால் அது கருணை ஆகாது. மணலில் பிறந்து வளர்ந்த பூனைக்கு மணல்தான் வீடு. அவற்றுக்குச் செய்ய வேண்டியது கருத்தடையும் தடுப்பூசியும். கதவு அல்ல. ஆக, இது 'எல்லாப் பூனையும்' என்று தீர்ப்பு சொல்கிற வழக்கு இல்லை. மாடிப் பூனை மாடியில். கரைப் பூனை கரையில். இரண்டுக்கும் நடுவில் நாம் கதவைத் திறந்து விட்டுத் தூங்கப் போவதுதான் தப்பு. அதைச் சுதந்திரம் என்று சொல்லிக்கொள்கிறோம். நிஜத்தில் நம் பொறுப்பை ரோட்டுக்கும் கீழ் வீட்டுக்காரருக்கும் பார்சல் அனுப்புகிறோம்.

வலை போட்ட பால்கனி

மானேஜருக்கு ஆறாவது மாதமே வேப்பேரியில் ஆபரேஷன் ஆகிவிட்டது. 1903-ல் ஆரம்பித்த கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. கடுவனுக்குக் கருத்தடை செய்துவிட்டால் ஊர் சுற்றுகிற ஆசையும் சண்டைக் குணமும் நன்றாகவே குறைந்துவிடும். மிச்சம் இருந்தது அந்த நாலரை மணி ராகம் மட்டும்.

அதற்கு வழி சொன்னது, ஜெயில் என்று கேலி பண்ணிய அதே ஆயாதான். "பால்கனிக்கு வலை கட்டு தம்பி. எங்க வூட்டுப் புள்ள கட்டிக் குடுக்கும்." பழைய நைலான் வலையை மடித்து இரண்டடுக்காக, இடைவெளி இல்லாமல் கட்டிக் கொடுத்தார் அவர் மகன். வங்காள விரிகுடாவில் வஞ்சிரம் பிடித்த வலை, இப்போது பூனையைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தி நேரத்தில் வலைக்குள் உட்கார்ந்து மானேஜர் கடலைப் பார்க்கிறார். பாற்கடலை நக்கிக் குடித்துத் தீர்க்க ஆசைப்பட்ட பூனையோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டாரே கம்பர், அந்தப் பூனை இப்படித்தான் பார்த்திருக்கும்.

வீட்டோடு வைக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்:

உள்ளே வைப்பது என்றால் சும்மா அடைத்து வைப்பது அல்ல. வேலை இல்லாத பூனை குண்டாகும், சோபாவைக் கிழிக்கும், சிறுநீர்க் கோளாறு வரும். ராத்திரி படுக்கும் முன் பத்து நிமிஷம் கயிற்றை இழுத்து ஓட விடுங்கள். அதன் பிறகு சாப்பாடு வையுங்கள். வேட்டை, விருந்து, தூக்கம் — அதுதான் அதன் டைம்டேபிள்.

ஏறி உட்கார உயரமான பலகை ஒன்று, பிறாண்டக் கயிறு சுற்றிய கட்டை ஒன்று, எட்டிப் பார்க்க ஜன்னல் ஒன்று. மூன்றும் அவசியம்.

வெளியே போகாத பூனைக்கும் தடுப்பூசி உண்டு. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, நேரே டாக்டரிடம் போங்கள். ரேபீஸ் நாய்க்கு மட்டும் சொந்தமில்லை.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனை இருப்பதை அவருடைய டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் சேகரித்ததை எல்லாம் அத்தையிடம் விவரமாகச் சொன்னேன். மனைவியின் டாக்டரும் அதையே சொல்லியிருந்தார். அத்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மண்ணை தினமும் நீங்களே அள்ளிக் கொட்டுவீங்களா மாப்பிள்ளை?"

"தினமும் நானே, அத்தை."

"அப்ப இருந்துட்டுப் போகட்டும். பொறக்கப் போற புள்ளைக்கும் நாலு துணி அலச வேண்டியிருக்கும். இப்பவே பழகிக்கங்க!"

மானேஜர் கண்ணைத் திறக்காமலே வாலை ஆட்டினார். சாங்ஷன் ஆகிவிட்டது என்று அர்த்தம்.